நிலவறையில் எட்டாவது பாட்டு

ஒன்று அல்ல

இந்தக் கதை பிறந்தது ஒரு பொரித்த கோழித் துண்டிலிருந்து. இலக்கியம் பிறப்பதற்கு இது கௌரவமான இடம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பொய் சொல்லித் தொடங்கினால் பத்தாவது வரியில் மாட்டிக்கொள்வேன்.

நான் இஸ்ரேலில், பாத் யாம் என்ற கடற்கரை நகரில் புரூரியா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. நான் ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. (என் ஊர் நாசரேத். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத். இங்கே விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் தனி அறைக்குப் போயிருக்கிறேன்.) போன மாதம் ஒரு மதியம் அவருக்கு ஷ்னிட்ஸெல் பொரித்துக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். தட்டைத் தள்ளினார்.

"நான் இந்த லட்சணத்துல பொரிச்சுப் போட்டிருந்தா அந்தப் பசங்க ஒரு பாட்டுகூட முடிச்சிருக்க மாட்டாங்க."

"எந்தப் பசங்கம்மா?"

"நஹ்ஷோனும் அவன் கூட்டாளிங்களும். கீழ நிலவறையில. பாட்டுத் தட்டு போட்டாங்களே, தெரியாதா உனக்கு? அலமாரியில இருக்கும், போய் எடு. கோட்டுக்கு அடியில."

நஹ்ஷோன் அவருடைய மகன். இப்போது அறுபத்து மூன்று வயது, வழுக்கை, நீரிழிவு, வாரம் ஒருமுறை வருவார். அவர் ஒரு காலத்தில் கிட்டார் வாசித்தார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அலமாரியைத் துழாவினேன். ஒரு கனத்த கறுப்புக் கோட்டு. அதற்கு அடியில் ஒரு இசைத்தட்டு. உறையில் மூன்று பேர், கறுப்புக் கோட்டுப் போட்டு, கடன்காரனைப் பார்த்தவர்கள் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் தெரியாமல் படத்துக்குள் வந்துவிட்ட ஒரு ஐஸ் விற்பவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

அந்த ஐஸ்காரரைப் பார்த்ததும்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு அல்ல

தொடங்குவதில்தான் சிக்கல். முதல் வரைவு இது:

*1984 டிசம்பர். கடலிலிருந்து சாம்பல் நிறக் காற்று வீசிக்கொண்டிருந்தது. திர்ஸா ஜன்னலோரம் நின்று…*

நிற்கட்டும். காற்றுக்கு ஏது நிறம்? அதோடு நிலவறைக்கு ஜன்னலே கிடையாது. அடித்தேன்.

இரண்டாவது:

*திர்ஸா ஒருபோதும் சிரித்ததில்லை.*

கம்பீரமான வரி. பச்சைப் பொய். அவள் சிரித்துச் சிரித்தே பதினொரு டேக் வீணானது என்று நஹ்ஷோன் சொல்கிறார். அதையும் அடித்தேன்.

மூன்றாவது, [இங்கே ஒரு நல்ல பத்தி இருந்தது. பாதியில் ஏவுகணைச் சைரன் ஊதியது. புரூரியா அம்மாவைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கி, ஏறி, திரும்பி வந்து படித்தபோது அது அவ்வளவு நல்ல பத்தியாக இல்லை.]

சரி, மூடி மறைக்காமல் சொல்கிறேன். 'ஈரச் சுவர்' என்று ஒரு இசைக்குழு. எபிரேய மொழியில் போஸ்ட்-பங்க் வாசிப்பார்கள். அதாவது ராக் இசையைப் பிழிந்து சந்தோஷத்தை எல்லாம் வடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வாசிப்பது. ஆட்கள் மூன்று பேர். பாட்டும் பேஸ் கிட்டாரும் திர்ஸா. வயது இருபத்து மூன்று. கிட்டார் நஹ்ஷோன். டிரம்ஸ் ஸெவுலூன்.

இந்த வகை இசைக்கு மூடுபனி வேண்டும், மூடிக் கிடக்கும் ஆலைகள் வேண்டும், வாரக்கணக்கில் தூறும் மழை வேண்டும். பாத் யாமில் இருந்ததோ வெயில், கடற்கரை, மரமட்டையால் பந்து தட்டும் கூட்டம், தர்பூசணி. துக்கப்பட நினைத்தால் ஒரு மேகம்கூடக் கைகொடுக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். ஸெவுலூன் இரண்டு முறை மயங்கி விழுந்தான். அதைப் பார்த்த ரசிகர் ஒருவர் அது நிகழ்ச்சியின் பகுதி என்று கைதட்டினார். (ரசிகர்கள் மொத்தம் ஆறு பேர். இருவர் உறவினர்.)

மூன்று அல்ல

திர்ஸாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எட்டுப் பாட்டுள்ள ஒரு இசைத்தட்டு. அது முடிந்துவிட்டால் அவள் பாடகி. முடியாவிட்டால், இங்கே வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் ஜன்னல் மறைப்புக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வேண்டியவள். அப்பா நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

கெடுவும் ஒரே ஒரு வாரம்தான். கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஷூகி என்பவன் தன் பதிவு யந்திரத்தை ஞாயிறு முதல் வெள்ளிவரை இரவல் தந்திருந்தான். வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்து யூதர்களின் ஓய்வுநாள் பிறப்பதற்குள் வேன் கொண்டுவந்து எடுத்துப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை ஸெவுலூன் ஒரு மாத ராணுவப் பணிக்குப் போகவேண்டும், அழைப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நஹ்ஷோன் லண்டனுக்குப் போகிறான். துக்கத்தை அதன் சொந்த ஊரிலேயே போய்ப் பார்க்க ஆசை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு குழுவே இல்லை.

இடம்தான் இல்லை. நஹ்ஷோன் வீட்டுக் கட்டடத்து நிலவறை சும்மா கிடந்தது. எழுபத்து மூன்றில் போர் நடந்தபோது எல்லாரும் இறங்கி உட்கார்ந்த அறை. அதற்குப் பிறகு மிதிவண்டியும் பாசியும்தான். சாவி ஃபிஷெல் ஐயாவிடம். எழுபது வயது, ஐரோப்பாவில் செர்னோவிட்ஸ் ஊர்க்காரர், கட்டடக் குழுவுக்கும் தலைவர், தரைத்தளத்தில் இருந்த சின்ன ஜெபக்கூடத்துக்கும் நிர்வாகி. அவருக்குத் தெரியாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு குழாய் சொட்டாது.

"எதுக்கு சாவி?" என்றார்.

"பாட்டுப் பதிவு பண்ண, ஐயா," என்றான் நஹ்ஷோன்.

"என்ன பாட்டு?"

நஹ்ஷோன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "மனுஷனோட தனிமையைப் பத்தி."

"தனிமைக்கு எதுக்குடா மூணு பேரு?"

நஹ்ஷோன் இதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். (போன வாரம் கேட்டுப் பார்த்தேன்.) ஃபிஷெல் ஐயா மோவாயைச் சொறிந்தார். அவருக்கும் ஒரு முடை இருந்தது. பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டு ஜெபம். சாயங்காலம் வருவது ஒன்பது பேர். தினமும் தெருவில் இறங்கி, போகிறவன் வருகிறவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"சரி. தினம் சாயங்காலம் எனக்கு ஒரு ஆள் குடுங்க. சாவி தர்றேன். ஆனா ஓய்வுநாள் பொறந்துட்டா ஒரு சத்தம் வரக்கூடாது. கொசு பறந்தாக்கூட நான் கீழ வந்துருவேன்."

திர்ஸா முன்னால் வந்தாள். அப்போது அவளுக்குக் கோபமில்லை. வேலை முடியட்டும் என்கிற அவசரம்தான். "நான் வர்றேனே ஐயா. சாயங்காலம் டிரம்ஸ் பதிவு பண்ணும்போது நான் சும்மாதான் இருப்பேன்."

ஃபிஷெல் ஐயா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நாய்க்குட்டி செய்தித்தாளைக் கவ்விக்கொண்டு வந்தால் சிரிப்போமே, அந்த மாதிரி.

"நீ பாடு, கண்ணு," என்றார்.

நான்கு அல்ல

தலைப்புகளைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்தவர்களுக்கு: இல்லை. ஃபிஷெல் ஐயா ஆட்களை எண்ணும் முறை அது. மனிதர்களை எண்ணக்கூடாது; எண்ணினால் கண்பட்டுக் குறைந்துபோவார்கள். எண்ணாமலும் பத்து வந்ததா என்று தெரியாது. அதனால் விரலை நீட்டாமல், மோவாயால் ஒவ்வொருவராகச் சுட்டி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல…" என்று போவார். கண்திருஷ்டிக்குக் காது உண்டென்றும், அது கணக்கில் வீக் என்றும் அவருடைய நம்பிக்கை.

நான் சிரிக்கவில்லை. என் சித்தப்பா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அடுத்தது ரெண்டு. உலகம் முழுக்க ஆட்கள் எண்களைக் கண்டு பயந்துதான் கிடக்கிறார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸெவுலூன் மேலே போனான், ஜெபித்தான், இறங்கி வந்தான். குச்சிகளைத் தட்டிப் பாட்டைத் தொடங்கவேண்டும். வழக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவன் வாயில் வந்தது வேறு.

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல, நாலு இல்ல!"

"டேய், என்னடா இது?" என்று கத்தினான் நஹ்ஷோன்.

"மன்னிச்சுக்கோடா. மேல கேட்டது நாக்குல ஒட்டிக்கிச்சு."

திர்ஸா பேஸ் கிட்டாரோடு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நஹ்ஷோன் சிரிக்கவில்லை. அவன் முகம் மெல்ல மாறியது. "இரு. இது நல்லாயிருக்கு. எண்ணையே மறுக்கிறோம். காலத்தையே மறுக்கிறோம்." அப்படியே விட்டுவிட்டார்கள். தட்டில் முதலில் கேட்கும் சத்தம் அதுதான். பின்னால் ஒரு பத்திரிகை விமரிசகர் அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினார். பாவம்.

(அதனால் இந்தக் கதையும் அப்படியே எண்ணப்படும். பத்து வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சண்டைக்கு வராதீர்கள்.)

ஐந்து அல்ல

ஒரு விஷயத்தை நான் சிரிப்புக்குள் ஒளித்துவிடப் பார்த்தேன். ஒளியவில்லை.

தினமும் நாலரை மணி வாக்கில் ஃபிஷெல் ஐயா கதவைத் திறப்பார். (வெளியே நஹ்ஷோன் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டியிருந்தான், எரிந்தால் பதிவு நடக்கிறது, யாரும் வரக்கூடாது. "இதென்ன, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருவார்.) அவர் பார்வை அறையைச் சுற்றும். ஸெவுலூன். நஹ்ஷோன். பிறகு ஒலிபெருக்கி. பிறகு மிதிவண்டி. ஒலிபெருக்கிக்கும் மிதிவண்டிக்கும் நடுவில் திர்ஸா உட்கார்ந்திருப்பாள். பார்வை அவள்மேல் தங்காமல், நாற்காலியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போகும்.

அவளுக்கு ஜெபத்தில் ஒரு அக்கறையும் கிடையாது. ஜெபக்கூடத்துக்குக் கடைசியாகப் போனது தம்பியின் பதின்மூன்றாம் வயதுச் சடங்குக்கு, அதுவும் மிட்டாய் எறிய. ஆனாலும் புண்பட்டது. வேண்டாத விருந்துக்குக் கூப்பிடாவிட்டாலும் வலிக்கத்தான் செய்கிறது. செவ்வாய்க்கிழமை, ஸெவுலூன் மேலே போயிருந்த இருபது நிமிஷத்தில், ஷ்னிட்ஸெல் சுற்றிவந்த காகிதத்தின் பின்பக்கம் ஒரே மூச்சில் ஒரு பாட்டு எழுதினாள். தலைப்பு 'எனக்கு யாரும் வேண்டாம்'.

நஹ்ஷோன் அதை இரண்டு முறை வாசித்தான்.

"இதுதான் எட்டாவது," என்றான். "இது இல்லாம தட்டே இல்ல, திர்ஸா. மத்ததெல்லாம் கோட்டு. இதுதான் உள்ள இருக்கிற ஆளு."

"எண்ணெய்க் கறையா இருக்கு, படிக்க முடியுதா?"

"எங்கம்மா கை எண்ணெய். அதுவும் பாட்டுல ஒரு பங்கு." (இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் புரூரியா அம்மா நாற்பது வருஷமாகத் தட்டு தன்னுடையது என்கிறார்.)

ஆறு அல்ல

ஸெவுலூன்மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரொம்ப நல்லவனாக வருகிறான். கதையில் இவ்வளவு நல்லவன் இருந்தால் வாசகர் ஏழாம் பக்கத்தில் நான் அவனைக் கொன்றுவிடுவேனோ என்று பயப்படுவார். பயப்படவேண்டாம், ஹைஃபாவில் குழாய் வேலை பார்க்கிறான். தொலைபேசியை எடுப்பதில்லை, அவ்வளவுதான். குழாய்க்காரர்கள் எங்கேதான் எடுக்கிறார்கள்?

அவனிடம் ஒரு குறையாவது இருக்கவேண்டுமே என்று நஹ்ஷோனை நச்சரித்தேன். கிடைத்தது. மேலே கிழவர்களில் யாருக்காவது பெற்றோரின் நினைவுநாள் வந்தால், ஜெபம் முடிந்ததும் கேக்கும் மத்தி மீனும் ஒரு சின்னக் குப்பி பிளம் சாராயமும் வரும். அந்த வயதில் எல்லாருக்கும் செத்துப்போன ஆட்கள் அதிகம்; வாரத்தில் மூன்று நாள் யாராவது குப்பி கொண்டுவந்தார்கள். புதன்கிழமை ஸெவுலூன் இறங்கி வந்து உட்கார்ந்து வாசித்தபோது, வேகமாகப் போகவேண்டிய பாட்டு மாட்டுவண்டியாக ஊர்ந்தது.

"தூங்கறியாடா?" என்றாள் திர்ஸா.

"இல்லடி. யோசிக்கிறேன்."

"நீ யோசிக்கிறதுக்குள்ள நான் ஒரு வரி பாடி, தண்ணி குடிச்சு, திரும்பி வந்துட்டேன்."

ஆனால் போட்டுக் கேட்டால் அது பயங்கரமாக இருந்தது. நல்ல பயங்கரம். அதே விமரிசகர் பின்னால் 'காலத்தின் எலும்பைத் தட்டும் நிதானம்' என்று எழுதினார். ஸெவுலூன் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு கிளாஸ்," என்றானாம்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஏழு பாட்டு முடிந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அலுமினியப் பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்கும். அது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

எட்டாவது மட்டும் அமையவில்லை. "எனக்கு யாரும் வேண்டாம்" என்று திர்ஸா தொடங்குவாள், நஹ்ஷோன் தும்முவான். தொடங்குவாள், மேலே யாரோ நாற்காலி இழுப்பார்கள். தொடங்குவாள், அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், ஏனென்றால் யாரும் வேண்டாம் என்று பாடுவதற்கு அவளுக்கு டிரம்ஸ்காரன் வேண்டியிருந்தது, கிட்டார்காரன் வேண்டியிருந்தது, ஷூகியின் யந்திரமும் ஃபிஷெலின் சாவியும் வேண்டியிருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் வந்தபோது பதினெட்டு டேக் போயிருந்தது. நாடாவில் மிச்சம் சரியாக நாலு நிமிஷம். பாட்டு மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.

ஏழு அல்ல

வெள்ளிக்கிழமை, நாலே கால் மணி. வெளியே மழை. சிவப்பு விளக்கு எரிகிறது. ஸெவுலூன் குச்சியைத் தூக்கினான். கதவு திறந்தது.

"ஐயா!" என்று கத்தினாள் திர்ஸா. "வெளக்கு எரியுது, தெரியல? அஞ்சே நிமிஷம் பொறுக்கக்கூடாதா?"

ஃபிஷெல் ஐயா வழக்கம்போல் பிரசவ ஆஸ்பத்திரி என்று ஒன்றும் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது, கழுத்தில் கம்பளித் துண்டு. அந்த வாரம் கட்டடத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

"எனக்கு ரெண்டு பேரு வேணும்," என்றார். "மேல என்னையும் சேத்து எட்டுப் பேருதான்."

"ரெண்டு பேரா? இருக்கறதே ரெண்டு பேரு! இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. உங்க கடவுளுக்கு நாளைக்கும் நாள் இருக்கு, எனக்கு இல்ல."

"எனக்கும் இல்ல, கண்ணு." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கெனியாவோட நினைவுநாள். நேத்து சாயங்காலம் காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியல. காலையில மழை, ஆறு பேருதான் வந்தாங்க. பத்துப் பேரு இல்லாம அவளுக்கான கதீஷ சொல்ல முடியாது. சூரியன் விழுந்துட்டா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ."

கெனியா அவருடைய மனைவி. கதீஷ் என்பது இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம்.

ஸெவுலூன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். (நல்லவன், சொன்னேனே.) திர்ஸா நாடாவைப் பார்த்தாள். சூரியன் விழ இருபத்தைந்து நிமிஷம். ஆட்கள் மேலே போய் ஜெபித்துவிட்டு வந்தால் ஓய்வுநாள் பிறந்திருக்கும், யந்திரம் வேனில் ஏறியிருக்கும். அப்பா வாங்கிப்போட்ட நாற்காலி கண்முன் வந்தது.

*[இங்கே அவள் ஒரு அழகான தியாகம் செய்வதாக எழுதியிருந்தேன். "போங்கள், பாட்டு என்ன பெரிய பாட்டு" என்கிறாள். இப்போது அறுபதைத் தாண்டிய திர்ஸாவிடம் எபிரேயத்தில் சொல்லிக் காட்டினேன். "இந்தப் பொண்ணு யாரு? எனக்கு அறிமுகமில்லையே" என்றார். அடித்துவிட்டேன்.]*

அவள் உண்மையில் சொன்னது இது:

"அவங்களைக் கீழ கூட்டிட்டு வாங்க."

"இந்தக் குழிக்குள்ளயா? ஜெபத்துக்கா?"

"எழுபத்து மூணுல இங்கதானே உக்காந்து ஜெபிச்சீங்க? அப்ப கடவுளுக்கு வழி தெரிஞ்சுது, இப்ப மறந்துட்டாரா? முதல்ல எங்க பாட்டு, மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். அப்பறம் உங்க ஜெபம். இவனுங்க ரெண்டு பேரும் இங்கயே இருப்பானுங்க."

ஃபிஷெல் ஐயா அவளைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக, ஒலிபெருக்கிக்கும் மிதிவண்டிக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தார்.

"மூணு நாப்பது," என்றார். "நாப்பத்தொண்ணு ஆகக்கூடாது."

எட்டு அல்ல

எட்டுக் கிழவர்கள் பதினெட்டுப் படி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைப் போல இரண்டு மடங்கு. ஒருவருக்கு இடுப்பு. ஒருவருக்குக் கண். ஒருவர் ஒவ்வொரு படியிலும் நின்று கைப்பிடியை யார் போட்டது என்று கேட்டார். ஒருவர் ஜெபப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். உள்ளே வந்ததும் அவரவர் போர்க்காலத்தில் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்குள் ஒரு மூலைக்காகப் பழைய தகராறு மறுபடி கிளம்பியது.

"பொம்பளப் புள்ள இருக்கே, நடுவுல திரை வேணுமே," என்றார் ஒருவர்.

நஹ்ஷோன் தன் கோட்டைக் கழற்றி ஒலிவாங்கிக் கம்பத்தில் தொங்கவிட்டான். அந்தக் கோட்டு அதன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். (புரூரியா அம்மாவின் அலமாரியில் இருப்பது அதே கோட்டு.)

ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல என்று குச்சி தட்டியது. திர்ஸா கோட்டுக்குப் பின்னால் நின்று பாடினாள்.

அவளுக்கு எதிரே முகங்கள் தெரியவில்லை. கோட்டுக்கு அடியில் எட்டு ஜோடி செருப்பும் பூட்ஸும் மட்டும் தெரிந்தன. அவள் பாடியதிலேயே பெரிய கூட்டம். "எனக்கு யாரும் வேண்டாம்" என்றபோது ஒரு பூட்ஸ் தாளம் போடத் தொடங்கியது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்தது குரலில் வந்து இறங்கியது. நான் தட்டில் கேட்டிருக்கிறேன்; கோபமாகப் பாடுகிறாள், ஆனால் கூப்பிடுவது போலக் கேட்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன் கிட்டார் மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஒரு கிழட்டுக் குரல் தெளிவாகக் கேட்கும்: "ஐயோ பாவம், யாரு என்ன பண்ணாங்க இந்தப் புள்ளைய?" இன்னொரு குரல்: "ஷ்ஷ்!"

மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. கடைசி நரம்பு அடங்கும்போது மேலே தெருவில் வேன் ஹாரன் அடித்தது. ஷூகி. மறுபடி அடித்தது. "யந்திரத்தைத் தொடாதீங்க, அவனை நிறுத்தி வெச்சுட்டு வர்றேன்," என்று நஹ்ஷோன் படியேறி ஓடினான். ஃபிஷெல் ஐயாவுக்கு ஹாரனும் காதில் விழவில்லை, நஹ்ஷோன் போனதும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததா, சூரியன் இருக்கிறதா, அவ்வளவுதான் அவருக்கு. எழுந்து நின்று மோவாயைத் தூக்கினார். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து விநாடி மிச்சம்.

"ஒண்ணு இல்ல. ரெண்டு இல்ல. மூணு இல்ல. நாலு இல்ல. அஞ்சு இல்ல. ஆறு இல்ல. ஏழு இல்ல. எட்டு இல்ல."

டிரம்ஸுக்குப் பின்னால் ஸெவுலூன்.

"ஒம்பது இல்ல."

அங்கே நிறுத்துகிறார். ஒரு மூச்சு. தூரத்தில் ஹாரன். யாரோ செருப்பை நகர்த்தும் சத்தம். நாடா தீர்ந்தது. தட்டும் அங்கேதான் முடிகிறது.

ஒன்பது அல்ல

பிறகு என்ன ஆனது? கெனியாவுக்கான கதீஷ் சொல்லப்பட்டதா, இல்லையா? நான் மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு நஹ்ஷோன் சொன்னது. அவர் உடனே ஓடிவந்துவிட்டாராம், ஷூகியையும் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு. ஆக, பதினொரு பேர். நல்ல முடிவு. ஆனால் தன் வாழ்க்கையில் எதற்கும் நேரத்துக்கு வராத மனிதர் சொல்வது.

இரண்டாவது புரூரியா அம்மாவுடையது. "எங்க வந்தான்? படிக்கட்டுல நான் பாத்திரத்தோட நின்னேன். நின்னு ரெண்டு துண்டு தின்னுட்டுத்தான் போனான்."

மூன்றாவதில், ஃபிஷெல் ஐயா ஒன்பது பேர் என்று கண்டு, புத்தகத்தை மூடி, ஒன்றும் சொல்லாமல் படியேறுகிறார். இதை யாரும் சொல்லவில்லை. மழை பெய்த ஒரு நாளில் நானாக எழுதியது. அடிக்கவும் மனம் வரவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை.

கிழவர்கள் யாரும் இப்போது இல்லை. ஃபிஷெல் ஐயா அடுத்த நினைவுநாளைப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது திர்ஸா. ஒரே தட்டுப் போட்டார், அதற்குப் பிறகு பல்செட் செய்யும் வேலைக்குப் போனார், அப்பாவின் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புரூரியா அம்மாவைப் பார்க்க வந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"பத்தாவது ஆள் யாரு, அக்கா?"

"தட்டு இருக்கில்ல? போடு."

போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். எட்டாவது பாட்டு வந்தது, அவருடைய இருபத்து மூன்று வயதுக் குரல் வந்தது, ஐயோ பாவம் வந்தது, ஹாரன் வந்தது. ஃபிஷெல் ஐயா எண்ணத் தொடங்கினார். திர்ஸா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஏழு இல்ல. எட்டு இல்ல. ஒம்பது இல்ல."

திர்ஸா எழுந்து நின்றார்.

நேராக, கை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு விடும் நேரம் நின்றார். பிறகு நடந்துபோய் ஊசியைத் தூக்கினார்.

"எப்பவும் இப்படித்தான் எந்திரிப்பா," என்றார் புரூரியா அம்மா, வாயில் பிஸ்கட்டோடு.

"ஊசி எடுக்கணும்ல," என்றார் திர்ஸா. "யாராவது எந்திரிச்சுத்தானே ஆகணும்."

நான் ஆண் இல்லை, யூதரும் இல்லை. ஃபிஷெல் ஐயாவின் கணக்கில் இரண்டு முறை தள்ளுபடியானவள். அதனால் திர்ஸா எதற்கு எழுந்தார் என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கு இல்லை. தட்டைத் துடைத்து உறையில் போட்டு, கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்களும் எட்டுப் பாட்டையும் கேட்டுக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த எண்ணுக்கு நான் ஒரு இடம் விட்டிருக்கிறேன். எழுந்திருப்பதும் எழுந்திருக்காததும் உங்கள் இஷ்டம்.

[ ]